சரக்கு விமான அணியைப் புதுப்பித்தல்

சரக்கு விமான அணியைப் புதுப்பித்தல் என்பது, வயதாகிவிட்ட சரக்கு விமானங்களைப் படிப்படியாகச் சேவையிலிருந்து விலக்கி, அவற்றின் இடத்தில் வேறு வகை விமானங்களைக் கொண்டுவரும் திட்டமிட்ட பணியாகும். எந்த விமானத்தை வாங்குவது அல்லது குத்தகைக்கு எடுப்பது, எத்தனை டன் தாங்குவது, புதியதா பழையதா, எந்த ஆண்டில் மாற்றுவது என்ற கேள்விகள் இதில் அடங்கும். இந்தியாவில் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட புளூ டார்ட் ஏவியேஷன் நிறுவனம். அது ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் போயிங் 737-200, போயிங் 757-200, போயிங் 737-800 என்று மூன்று தலைமுறை விமானங்களைக் கையாண்டுள்ளது. விமான நிலையமே இல்லாத தேனி, கம்பம் பள்ளத்தாக்கு போன்ற பகுதிகளின் விளைபொருள்களையும் இந்தத் தேர்வுகள் மறைமுகமாகப் பாதிக்கின்றன.

வான்சரக்கின் இரு வழிகள்

விமானத்தில் செல்லும் சரக்கு இரண்டு வழிகளில் பயணிக்கிறது. முதலாவது, பயணியர் விமானத்தின் அடித்தளச் சரக்கறை. பயணிகளின் பெட்டிகள் ஏறியபின் மிஞ்சும் இடத்தில் பூ, காய்கறி, மீன், மருந்து, அஞ்சல் ஆகியவை ஏற்றப்படும். இரண்டாவது, சரக்குக்கென்றே பறக்கும் தனி விமானம். இதில் இருக்கைகள் கிடையாது. மேல்தளம் முழுவதும் பேலட் எனப்படும் தட்டுகளிலும் கொள்கலன்களிலும் பொருள் அடுக்கப்படும்.

பயணியர் விமானத்தில் சரக்கு ஒரு துணை வருமானம் மட்டுமே. பயணிகள் எங்கு, எப்போது போகிறார்களோ அங்கு, அப்போதுதான் சரக்கும் போக முடியும். கூரியர் நிறுவனங்களுக்கு இது போதாது. மாலையில் சேகரித்த பொதி மறுநாள் காலையில் வேறு நகரத்தில் வழங்கப்பட வேண்டுமானால், விமானம் நள்ளிரவில் பறக்க வேண்டும். இந்தியாவில் இந்த நடைமுறைக்கு ஒரு முன்னோடி உண்டு. 1949 ஜனவரியில் தொடங்கிய இரவு வான் அஞ்சல் சேவையில் தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் டகோட்டா விமானங்கள் இரவில் புறப்பட்டு நாகபுரியில் சந்தித்தன. அங்கே அஞ்சல் பைகளை மாற்றிக்கொண்டு விடியற்காலையில் திரும்பின. இன்றைய கூரியர் விமானங்கள் இயங்கும் முறையும் அடிப்படையில் இதுவே.

சரக்கு விமானங்கள் ஏன் பழையவையாக இருக்கின்றன

பயணியர் விமானம் ஒன்று நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கு மேலும் பறக்கும். இரவுக் கூரியர் விமானமோ பெரும்பாலும் நான்கு, ஐந்து மணி நேரமே பறக்கிறது. மற்ற நேரம் ஏற்றுவதிலும் இறக்குவதிலும் காத்திருப்பதிலும் போய்விடும். குறைவாகப் பறக்கும் விமானத்திற்கு எரிபொருள் செலவு குறைவு. ஆனால் வாங்கிய விலையும் குத்தகையும் பறந்தாலும் நின்றாலும் ஒன்றுதான். ஆகவே சரக்கு நிறுவனங்கள் எரிபொருளைக் கொஞ்சம் கூடுதலாகக் குடித்தாலும் விலை மலிவான பழைய விமானத்தையே பலகாலம் விரும்பி வந்துள்ளன.

இதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். கீழுள்ள எண்கள் விளக்கத்திற்காக எடுத்துக்கொண்டவை. எந்த நிறுவனத்தின் உண்மைக் கணக்கும் அல்ல.

பழைய விமானம்: மாதக் குத்தகை 1 கோடி ரூபாய், மணிக்கு 4 டன் எரிபொருள்.
புதிய விமானம்: மாதக் குத்தகை 2.5 கோடி ரூபாய். மணிக்கு 3 டன் எரிபொருள்.
எரிபொருள் விலை: டன்னுக்கு 1 லட்சம் ரூபாய்.

புதிய விமானம் ஒரு மணி நேரப் பறப்பில் 1 லட்சம் ரூபாய் எரிபொருளை மிச்சப்படுத்துகிறது. ஆனால் அதன் குத்தகை மாதத்திற்கு 150 லட்சம் கூடுதல். எனவே மாதம் 150 மணி நேரம், அதாவது நாளுக்கு 5 மணி நேரம் பறந்தால்தான் இரண்டும் சமமாகும். நாளுக்கு 4 மணி நேரம் மட்டும் பறக்கும் நிறுவனத்திற்குப் பழைய விமானமே மாதம் 30 லட்சம் ரூபாய் லாபம். நாளுக்கு 10 மணி நேரம் பறக்கும் பயணியர் நிறுவனத்திற்கோ புதிய விமானம் மாதம் 150 லட்சம் லாபம். ஒரே விமானம் ஒருவருக்குக் காலாவதியானதாகவும் மற்றொருவருக்குச் சிக்கனமானதாகவும் இருப்பதன் காரணம் இதுவே.

இப்போது பராமரிப்பைச் சேர்த்துப் பார்ப்போம். வயதாக ஆக ஆய்வுகள் கூடுகின்றன, துரு நீக்க வேண்டியுள்ளது, உதிரி பாகங்கள் கிடைப்பது அரிதாகிறது. பழைய விமானத்திற்கு மாதம் 40 லட்சம் கூடுதல் பராமரிப்பு என்று கொண்டால், சமநிலை 110 மணி நேரத்திற்கு இறங்கிவிடும். நாளுக்கு 4 மணி நேரம் பறக்கும் நிறுவனத்திற்கும் இப்போது புதிய விமானமே 10 லட்சம் மலிவு. அதாவது, சரக்கு நிறுவனம் ஒன்றை மாற்றத்தை நோக்கித் தள்ளுவது பெரும்பாலும் எரிபொருள் விலை மட்டும் அல்ல. அடுத்து வரவிருக்கும் பெரிய பராமரிப்புச் செலவுதான். முழு விமானத்தையும் பிரித்துப் பார்க்கும் கன ஆய்வு நெருங்கும்போதே பல நிறுவனங்கள் பழைய விமானத்தை விலக்க முடிவு செய்கின்றன.

விமானத்தின் வயது

விமானத்தின் வயதை ஆண்டுக் கணக்கில் மட்டும் சொன்னால் போதாது. மூன்று அளவுகள் சேர்த்துப் பார்க்கப்படுகின்றன: ஆண்டுகள், பறந்த மணி நேரம், பறப்புச் சுழற்சிகள். ஒருமுறை மேலேறி ஒருமுறை தரையிறங்குவது ஒரு சுழற்சி. ஒவ்வொரு பறப்பிலும் விமானத்தின் உடற்பகுதி உள்ளழுத்தத்தால் சற்று விரிந்து, இறங்கும்போது சுருங்குகிறது. ஒரு கம்பியை மீண்டும் மீண்டும் வளைத்தால் அது விரிசல் கண்டு ஒடிவது போல, உலோகத் தகடுகளும் சோர்வடைகின்றன. துரு, வெயில், கடற்காற்று ஆகியவை ஆண்டுக் கணக்கில் வேலை செய்யும். உலோகச் சோர்வு சுழற்சிக் கணக்கில் வேலை செய்யும்.

இதை உலகுக்கு உணர்த்தியது 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளில் நடந்த அலோகா ஏர்லைன்ஸ் விபத்து. பத்தொன்பது வயதான போயிங் 737-200 ஒன்றின் முன்பகுதிக் கூரை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. விமானப் பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார்; விமானிகள் எஞ்சியவர்களுடன் பத்திரமாகத் தரையிறக்கினர். அந்த விமானம் பறந்த மணி நேரம் ஏறத்தாழ 35,500 மட்டுமே. ஆனால் தீவுகளுக்கிடையிலான குறுகிய பயணங்களால் அதன் சுழற்சிகள் 89,000-ஐத் தாண்டியிருந்தன. இதன்பின் வயதான விமானங்களுக்குத் தனி ஆய்வுத் திட்டங்கள் உலகெங்கும் கட்டாயமாயின. இன்று ஒவ்வொரு வகை விமானத்திற்கும் எத்தனை சுழற்சி, எத்தனை மணி நேரம் வரை அதன் கட்டமைப்பு ஆய்வுத் திட்டம் செல்லும் என்ற மேல் எல்லை வரையறுக்கப்படுகிறது. அந்த எல்லைக்குப் பின் அதைப் பறக்கவிட முடியாது.

இந்தியாவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், இறக்குமதி செய்யப்படும் பழைய விமானங்களுக்கு வயது வரம்பும், கழிந்த ஆயுளுக்கான வரம்பும் விதிக்கிறது. எனவே வெளிநாட்டில் மலிவாகக் கிடைக்கும் எந்தப் பழைய விமானத்தையும் இங்கே கொண்டுவந்துவிட முடியாது.

தேர்வில் பார்க்கப்படுபவை

எடையும் கன அளவும்: ஒரு விமானம் இரண்டு வகையில் நிரம்பும். எடை வரம்பை எட்டி நிரம்பலாம். அல்லது எடை மிச்சமிருக்கும்போதே இடம் தீர்ந்து நிரம்பலாம். கூரியர் பொதிகள் இலேசானவை. பெரும்பாலும் இடம்தான் முதலில் தீரும். எனவே கூரியர் நிறுவனங்கள் டன் கணக்கைவிடக் கன மீட்டர் கணக்கைக் கூர்ந்து பார்க்கின்றன.

தூரம்: சென்னைக்கும் தில்லிக்கும் வான்வழித் தூரம் ஏறத்தாழ 1,760 கி.மீ. உள்நாட்டில் மட்டும் பறக்கும் நிறுவனத்திற்கு 5,000 கி.மீ. பறக்கும் திறன் தேவையில்லை. அந்தத் திறனுக்காகப் பெரிய இறக்கையும் கனமான கட்டமைப்பும் வீணாகச் சுமக்கப்படும்.

ஓடுபாதை: முழு எடையுடன் மேலேற எவ்வளவு நீளம் வேண்டும் என்பது வெப்பத்தையும் உயரத்தையும் பொறுத்தது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அதில் மேலேற நீண்ட ஓட்டம் தேவை. ஓடுபாதை போதாவிட்டால் சரக்கைக் குறைக்க வேண்டும்.

கதவும் தரைக் கருவியும்: மேல்தளக் கதவு எவ்வளவு அகலம், பேலட்டைத் தூக்கிவைக்கும் பாரந்தூக்கி எந்த நிலையங்களில் உள்ளது என்பதும் முக்கியம். கருவி இல்லாத நிலையத்தில் பெரிய விமானம் இறங்கினாலும் பயனில்லை.

ஒத்த தன்மை: விமானிகளின் உரிமம், பொறியாளர்களின் பயிற்சி, உதிரி பாகக் கிடங்கு ஆகியவை விமான வகையைச் சார்ந்தவை. இரண்டு வகை விமானங்களை வைத்திருந்தால் இவை அனைத்தும் இரட்டிப்பாகும். ஆறு, எட்டு விமானங்கள் மட்டுமே கொண்ட சிறிய நிறுவனத்திற்கு இது பெரிய சுமை.

ஓசையும் புகையும்: சரக்கு விமானங்கள் ஊர் உறங்கும் நேரத்தில் பறப்பவை. பழைய வகை ஜெட் எஞ்சின்களின் இரைச்சலால் அவற்றுக்கு முதலில் கட்டுப்பாடு வந்தது. ஐரோப்பாவில் 2002 ஏப்ரல் முதல் அதிக ஓசை எழுப்பும் பழைய தலைமுறை ஜெட்கள் தடைசெய்யப்பட்டன. எஞ்சினில் ஓசைக் குறைப்புக் கருவி பொருத்தியவை மட்டும் சில காலம் நீடித்தன.

புளூ டார்ட்: மூன்று தலைமுறைகள்

புளூ டார்ட் 1983-இல் மும்பையில் தொடங்கப்பட்ட கூரியர் நிறுவனம். அதன் விமானப் பிரிவான புளூ டார்ட் ஏவியேஷன் 1994-இல் பதிவுசெய்யப்பட்டு, 1996-இல் இரண்டு போயிங் 737-200 சரக்கு விமானங்களுடன் பறக்கத் தொடங்கியது. இந்தியன் ஏர்லைன்ஸ் நிறுவனம் இதே வகையைப் பல ஆண்டுகள் பயன்படுத்தியிருந்ததால், நாட்டில் இதை ஓட்டத் தெரிந்த விமானிகளும் பழுதுபார்க்கத் தெரிந்த பொறியாளர்களும் ஏற்கெனவே இருந்தனர். தொடக்க நிறுவனத்திற்கு இது பெரிய வசதி. விமானம் ஏறத்தாழ 15 டன் தாங்கும். அன்றைய கூரியர் சந்தைக்கு அது போதுமானதாக இருந்தது.

பத்து ஆண்டுகளில் நிலைமை மாறியது. 2004-05 காலத்தில் டிஎச்எல் நிறுவனம் புளூ டார்ட்டில் பெரும்பங்கை வாங்கியது. பொதிகளின் அளவு பெருகியது. 737-200 வகையோ 1960-களின் வடிவமைப்பு. எரிபொருளை அதிகம் குடிப்பது, இரைச்சல் மிகுந்தது. 2006-இல் முதல் போயிங் 757-200 சரக்கு விமானம் வந்தது. அதன்பின் 737-200 விமானங்கள் படிப்படியாக விலக்கப்பட்டு, 757 வகையே அணியின் முதுகெலும்பானது. அணியில் இவ்வகை விமானங்கள் ஆறாக உயர்ந்தன.

757 சரக்கு விமானம், மாற்றியமைக்கப்பட்ட விதத்தைப் பொறுத்து, 27 முதல் 32 டன் வரை தாங்கும். அதாவது பழைய விமானத்தைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இரண்டு 737-200 பறந்த தடத்தில் ஒரு 757 போதும். விமானிகள் இருவர், தரையிறங்கும் கட்டணம் ஒருமுறை. ஆற்றல் மிக்க எஞ்சின்களால் வெப்பமான இரவிலும் முழுச் சுமையுடன் எளிதாக மேலேறும். டிஎச்எல் குழுமம் உலகின் பல பகுதிகளில் இதே வகையை இயக்கி வந்ததால், உதிரி பாகமும் தொழில்நுட்ப அனுபவமும் குழுமத்துக்குள்ளேயே கிடைக்கும் வாய்ப்பிருந்தது.

ஆனால் 757-க்கும் ஒரு குறை உண்டு. போயிங் அதன் உற்பத்தியை 2004-இல் நிறுத்திவிட்டது. மொத்தம் 1,050 விமானங்களே கட்டப்பட்டன. இனிப் புதிதாக ஒன்றும் வராது. இருப்பவை முதிர்ந்துகொண்டே போகின்றன. இந்நிலையில் புளூ டார்ட் 2023-இல் இரண்டு போயிங் 737-800 விமானங்களைச் சேர்த்து அணியை எட்டாக உயர்த்தியது. பயணியர் விமானங்களாகப் பறந்து பின்னர் சரக்குக்கு மாற்றப்படும் இந்த வகையில் ஏறத்தாழ 24 டன் வரை ஏற்றலாம். 757-ஐவிடச் சிறியது, ஆனால் எரிபொருள் சிக்கனமானது. 757-இன் சுமைத்திறன் முழுமையாகத் தேவைப்படாத தடங்களுக்கு இது பொருந்தும்.

இதில் கவனிக்க வேண்டியது, புதிய வகை வந்தவுடன் பழைய வகை போய்விடவில்லை என்பது. பெரிய தடங்களில் 757-உம், நடுத்தரத் தடங்களில் 737-800-உம் அருகருகே பறக்கின்றன. ஒத்த தன்மையை ஓரளவு விட்டுக்கொடுத்து, தடத்திற்கேற்ற அளவைப் பெறும் ஏற்பாடு இது.

பிற இந்தியத் தேர்வுகள்

இண்டிகோ 2022-இல் ஏர்பஸ் ஏ321 பயணியர் விமானத்திலிருந்து மாற்றப்பட்ட சரக்கு விமானத்தைக் கொண்டுவந்தது. இது 27 டன் அளவில் தாங்கும். மேல்தளத்தில் 14 பேலட்களும் கீழ்த்தளத்தில் 10 கொள்கலன்களும் ஏறும். அந்நிறுவனம் நூற்றுக்கணக்கான ஏ320 குடும்ப விமானங்களை ஏற்கெனவே இயக்குவதால், விமானிகளும் பொறியாளர்களும் உதிரி பாகங்களும் பொதுவாகிவிடுகின்றன. ஸ்பைஸ்ஜெட் 2018-இல் போயிங் 737-700 சரக்கு விமானத்தைத் தேர்ந்ததற்கும் இதே தர்க்கம் பொருந்தும். குயிக்ஜெட் நிறுவனம் முன்பு ஏடிஆர் 72 என்ற சுழல்விசிறி விமானத்தைச் சரக்குக்குப் பயன்படுத்தியது. 2023 ஜனவரியில் அமேசான் ஏர் இந்தியச் சேவைக்காக 737-800-ஐ இயக்கத் தொடங்கியது.

எல்லா முயற்சிகளும் வெற்றிபெறவில்லை. கேப்டன் கோபிநாத் தொடங்கிய டெக்கான் 360 நிறுவனம் 2009-இல் நாகபுரியை மையமாகக் கொண்டு, ஏ310 என்ற பெரிய அகல உடல் விமானங்களையும் சிறிய ஏடிஆர் விமானங்களையும் வைத்து நாடு முழுவதும் வலை பின்ன முயன்றது. இரண்டு ஆண்டுகளில், 2011-இல் அது நின்றுபோனது. விமானத்தின் அளவு சந்தையின் அளவைவிட முந்திக்கொண்டு ஓடினால், பாதி காலியாகப் பறக்கும் ஒவ்வோர் இரவும் நட்டம்தான்.

அரசுத் துறையில் இதற்கு இணையானது இந்திய விமானப்படையின் அவ்ரோ மாற்றுத் திட்டம். 1960-களில் இருந்து பறந்துவந்த அவ்ரோ எச்எஸ்-748 போக்குவரத்து விமானங்களுக்குப் பதிலாக 56 சி-295 விமானங்களுக்கு 2021 செப்டம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அவற்றில் 16 ஸ்பெயினிலிருந்து நேராக வருபவை. 40 குஜராத்தின் வதோதராவில் டாடா நிறுவனம் கட்டுபவை. முதல் விமானம் 2023 செப்டம்பரில் ஒப்படைக்கப்பட்டது. அவ்ரோவில் பக்கக் கதவு வழியாகத்தான் சரக்கை ஏற்ற வேண்டும். சி-295-இல் பின்புறச் சாய்தளம் உண்டு, வண்டியையே உள்ளே ஓட்டலாம். இங்கே தேர்வைத் தீர்மானித்தது டன் ஒன்றுக்கான செலவைவிடப் பயன்பாட்டு வசதியும் உள்நாட்டு உற்பத்தியுமே.

பயணியர் விமானம் சரக்கு விமானமாவது

இன்று சந்தைக்கு வரும் நடுத்தரச் சரக்கு விமானங்களில் பெரும்பாலானவை புதிதாகக் கட்டப்பட்டவை அல்ல. பதினைந்து, இருபது ஆண்டுகள் பயணிகளைச் சுமந்த விமானம், தொழிற்கூடத்தில் சில மாதங்கள் நின்று சரக்கு விமானமாக மறுபிறவி எடுக்கிறது. அதன் படிகள் பின்வருமாறு:

1. இருக்கைகள், சமையலறை, கழிப்பறை, தலைக்குமேல் உள்ள அறைகள் அனைத்தும் அகற்றப்படும்.
2. உடற்பகுதியின் இடப்பக்க முன்பகுதியில் பெரிய துளை வெட்டி, சுற்றிலும் சட்டங்களை வலுப்படுத்தி, மேல்நோக்கித் திறக்கும் சரக்குக் கதவு பொருத்தப்படும். இதுவே மிகக் கடினமான வேலை.
3. தளம் பேலட்டின் எடையைத் தாங்கும்படி பலப்படுத்தப்பட்டு, உருளைகளும் பூட்டுகளும் பதிக்கப்படும்.
4. விமானி அறைக்கும் சரக்குக்கும் இடையே, திடீர் நிறுத்தத்தில் சரக்கு முன்னோக்கிப் பாயாமல் தடுக்கும் உறுதியான தடுப்பு நிறுவப்படும்.
5. சன்னல்கள் தகடுகளால் அடைக்கப்படும். புகை உணர் கருவிகள் பொருத்தப்படும்.

எந்தப் பயணியர் விமானம் பெருமளவில் ஓய்வுபெறுகிறதோ, அதுவே அடுத்த தலைமுறைச் சரக்கு விமானம் ஆகிறது. முன்பு 737-200, பின்னர் 757, இப்போது 737-800-உம் ஏ321-உம் என்ற வரிசை இப்படி உருவானதே. இந்தப் பணியை இந்தியாவிலேயே செய்ய, ஐதராபாத்தில் 737 மாற்றியமைப்புக் கூடம் அமைக்கும் திட்டத்தை போயிங்கும் ஜிஎம்ஆர் ஏரோ டெக்னிக்கும் 2023 மார்ச்சில் அறிவித்தன.

தேனி, கம்பம் பள்ளத்தாக்கின் நிலை

தேனி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. அருகில் உள்ளது மதுரை. தேனியிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 75 கி.மீ. பள்ளத்தாக்கின் மேல்பகுதியில் உள்ள கம்பம், கூடலூர் வட்டாரத்தினருக்குக் குமுளி மலைப்பாதை வழியாகக் கொச்சியும் எட்டும் தூரமே. மதுரையிலிருந்து செல்லும் வான்சரக்கு பெரும்பாலும் பயணியர் விமானங்களின் அடித்தளத்தில்தான் போகிறது. எனவே பள்ளத்தாக்கின் பொருள்களுக்குச் சரக்கு விமானத் தேர்வைப் போலவே, மதுரைக்கு எந்தப் பயணியர் விமானம் வருகிறது என்பதும் முக்கியம். ஏ320 வந்த நேரத்தில் ஏடிஆர் 72 வந்தால், பயணிக்கு இருக்கை குறைகிறது. பூ வியாபாரிக்குச் சரக்கறையே சுருங்கிவிடுகிறது.

பள்ளத்தாக்கின் எல்லா விளைபொருளுக்கும் விமானம் தேவையில்லை. போடிநாயக்கனூரில் ஏலம் போகும் ஏலக்காய் உலர்ந்தது, மாதக்கணக்கில் கெடாது, லாரியிலும் கப்பலிலும் போகலாம். சின்னமனூர் வட்டாரத்து வாழை கனமானது, கிலோவுக்கு விலை குறைந்தது. குளிரூட்டிய கொள்கலனில் கடல்வழி போவதே கட்டுப்படியாகும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை விரைவில் கெடக்கூடியது; அதன் சந்தை பெரும்பாலும் லாரி ஓர் இரவில் எட்டும் தமிழ்நாட்டு, கேரள ஊர்கள்தாம். விமானம் இல்லாவிட்டால் வெளிநாட்டுச் சந்தையே இல்லை என்ற நிலையில் இருப்பது மல்லிகை. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் விளைநிலங்கள் தேனி மாவட்டத்திலும் உள்ளன. விடியற்காலையில் பறித்த மொட்டு அன்று மாலையே மலரத் தொடங்கிவிடும். அதன் வாழ்நாள் மணிக்கணக்கில்தான்.

மல்லிகையை வைத்து ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஐஸ் பொதியுடன் மூடிய தெர்மோகோல் பெட்டி 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் என்று கொள்வோம். கன அளவு 96,000 கன செ.மீ. வான்சரக்கில் 6,000 கன செ.மீ. ஒரு கிலோவாகக் கணக்கிடப்படுவது வழக்கம். அதன்படி இந்தப் பெட்டி 16 கிலோ. உண்மை எடை 10 கிலோதான் என்றாலும் கட்டணம் 16 கிலோவுக்கு.

இதே பெட்டிகளுக்கென மதுரையிலிருந்து ஒரு தனிச் சரக்கு விமானம் பறக்க வேண்டுமானால் என்ன தேவை? சிறிய தேர்வான ஏடிஆர் 72 சரக்கு விமானம் 8 டன்னுக்குச் சற்று மேல் தாங்கும். இட அளவு ஏறத்தாழ 75 கன மீட்டர். எடையால் 800 பெட்டிகள் ஏறலாம். ஆனால் இடத்தால், ஒரு பெட்டிக்கு 0.096 கன மீட்டர் வீதம், இடைவெளியே இல்லாமல் அடுக்கினாலும் 781 பெட்டிகளே. ஐந்தில் ஒரு பங்கு இடம் சந்துகளில் வீணாகும் என்று கொண்டால் 625. அதாவது 6 டன்னில் விமானம் நிரம்பிவிடும். 2 டன் திறன் பயன்படாமல் போகும். இந்த 625 பெட்டிகள் நாள்தோறும் வேண்டும். முகூர்த்த நாளில் உள்ளூர் விலை உச்சத்துக்குப் போகும்போதும், மழைக்காலத்தில் வரத்து குறையும்போதும் வேண்டும். திரும்பி வரும்போதும் விமானத்தில் ஏதாவது சரக்கு இருக்க வேண்டும். விவசாயப் பகுதியிலிருந்து போகும் சரக்குக்கு ஈடாக, அதே அளவில் வான்வழி வரும் சரக்கு இருப்பதில்லை. எளிதில் கெடும் பொருள்கள் இருந்தும் பல வட்டாரங்களுக்குத் தனிச் சரக்கு விமானம் வராததன் காரணம் இந்த ஒருவழிப் பாய்ச்சலே.

மதுரை ஓடுபாதையின் நீளம் ஏறத்தாழ 2,285 மீட்டர். 737, ஏ320 குடும்பம் போன்ற விமானங்களுக்கு இது போதும். வெளிநாட்டுக்கு நேராகப் பெரும் அளவில் ஏற்றிச்செல்லும் அகல உடல் விமானங்களை முழுச் சுமையுடன் இயக்க நீண்ட ஓடுபாதை வேண்டும். ஆகவே கொச்சி, சென்னை போன்ற நிலையங்களுக்குப் பொருள் சாலை வழியே போகிறது. தரைவழி மேம்பட்டாலும் பள்ளத்தாக்குக்குப் பயன் உண்டு. அகலப் பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நிறுத்தப்பட்ட மதுரை–போடி ரயில், 2022 மே மாதம் தேனி வரையும், 2023 ஜூனில் போடி வரையும் மீண்டும் வந்தது. சென்னையிலிருந்தும் போடிக்கு நேரடி ரயில் விடப்பட்டது. ஓர் இரவில் சென்னை சேரும் ரயில், பல பொருள்களுக்கு விமானத்தின் மலிவான மாற்று.

உலகப் போக்கு

அமெரிக்காவின் ஃபெடெக்ஸ் நிறுவனம் சிறிய ஊர்களுக்கான கிளைத் தடங்களில், மாற்றியமைத்த பழைய விமானத்திற்குப் பதில் சரக்குக்கென்றே வடிவமைத்த புதிய விமானங்களைத் தேர்ந்தது குறிப்பிடத்தக்கது. ஏடிஆர் 72-600 சரக்கு விமானம் 2020 டிசம்பரிலும், 2.7 டன் தாங்கும் செஸ்னா ஸ்கைகூரியர் 2022 மேயிலும் முதன்முதலாக அதற்கு வழங்கப்பட்டன. பெரிய விமானங்களில், சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் கரிம உமிழ்வுத் தரம் 2028 முதல் உற்பத்தியில் இருக்கும் வடிவமைப்புகளுக்கும் பொருந்துகிறது. போயிங் 767, 777 சரக்கு விமானங்களின் இன்றைய வடிவங்கள் இத்தரத்தால் பாதிக்கப்படுகின்றன. ஏ350 சரக்கு வடிவமும் 777-8 சரக்கு வடிவமும் அந்த இடத்தை நிரப்பத் திட்டமிடப்பட்டவை.

இவ்வாறு எடை, இடம், தூரம், வயது, விதி என்று பல அளவுகோல்கள் இருந்தாலும், அனைத்துக்கும் அடிப்படையான கேள்வி ஒன்றே: அந்தத் தடத்தில் ஒவ்வோர் இரவும் எவ்வளவு சரக்கு உறுதியாக இருக்கும்? அதற்கு விடை தெரிந்த நிறுவனம் பழைய விமானத்தை வைத்தும் பிழைக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கு போன்ற பகுதிகள் தமக்கென ஒரு விமானம் வரும் என்று காத்திருப்பதைவிட, பறித்த இடத்திலேயே குளிரூட்டல், சீரான தரம், பல விவசாயிகளின் சரக்கை ஒன்றாகத் திரட்டுதல் ஆகியவற்றால் நாள்தோறும் நிலையான அளவைக் காட்டுவதே வான்வழிச் சந்தையில் இடம்பிடிக்கும் வழியாகும்.